முதலில் கையைப் பார்ப்பவர்

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். விரல் முட்டிகளில் தொடங்கும் பார்வை முழங்கைக்குப் போகும். அங்கிருந்து கண்ணிமைக்கு ஏறும். கடைசியில் குதிகாலுக்கு மேலே ஓடும் தடித்த தசைநாரில் போய் நிற்கும். இத்தனையும் முடிந்த பிறகே புன்னகை செய்வார். மொத்தம் மூன்று நொடிகூட ஆகாது. ஆனால் பார்க்கப்படுகிறவருக்கு அது தெரிந்துவிடும்.

திருச்செந்தூர் சாலையில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் நான் தமிழ்த்துறையில் இருந்தேன். அவர் விலங்கியல் துறைக்கு வந்து சேர்ந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். செல் உயிரியல் நடத்துவார். எங்கள் இருவருக்கும் ஒரே ஓய்வறை, ஒரே கல்லூரிப் பேருந்து. அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதும் உரிமையை நான் இழந்துவிட்டதாகவே நினைக்கிறேன்.

வந்த முதல் நாள், பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினேன். அவருடைய பார்வை என் விரல் முட்டிகளில் விழுந்தது, கண்ணுக்குப் போனது, மறுபடி விரலுக்கே வந்தது. மோதிரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவர்களிடம் ஒருமுறைதான் பார்ப்பார், என்னிடம் இருமுறை பார்த்தார் என்பதெல்லாம் பிற்பாடு யோசித்தபோது தெரிந்தது.

கல்லூரியில் அவரைப் பலருக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் இருந்த ஒரு அம்மா என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

“அந்த மிஸ் கண்ணு சரியில்லக்கா. சவத்துக்கு அளவெடுக்குற மாரில்லா பாக்காவ.”

அவர் எதிரே வந்தால் சிலர் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வார்கள். அவருக்கும் அது தெரியும். உண்மையில் அவர் சிடுசிடுப்பானவர் இல்லை. கொய்யாக் காலத்தில் தன் வீட்டு மரத்துக் காயைப் பை நிறையக் கொண்டுவந்து மேசை மேசையாக வைத்துவிட்டுப் போவார். எனக்குக் காய்ச்சல் கண்டால் கேட்காமலே என் தேர்வறைப் பணியை அவர் பார்த்துவிடுவார். சிரித்தால் ஓய்வறை முழுக்கக் கேட்கும். சாப்பாடு மட்டும் நோயாளியின் சாப்பாடு: அவித்த காய், சோறு, எண்ணெய் காட்டாத குழம்பு. மாடிப்படியில் நான்கு படிக்கு ஒருதரம் நின்று, ஏதோ யோசிப்பதுபோல் சுவரைப் பார்ப்பார். பிறகு ஏறுவார்.

அவருடைய பார்வைக்குக் கெட்ட பெயர் உறுதியானது வாயில்காப்பாளர் விஷயத்தில்தான். அந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் ஊர் கபடி அணியில் ஆடியவர். ஒரு நாள் அவர் குனிந்து கேட் சங்கிலியை எடுத்தபோது, பேருந்திலிருந்து இறங்கிய இவர் நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, குதிகாலுக்கு மேல என்ன, இப்படித் தடிச்சிருக்கு?”

“அதுவாம்மா? நெனவு தெரிஞ்ச நாளா இப்படித்தான். எங்கப்பாக்கும் இப்படித்தான் இருக்கும்.”

“அப்பா இருக்காங்களா?”

“நான் அஞ்சாப்பு படிக்கையிலேயே போய்ட்டாவ. நெஞ்சடைப்பு.”

இவர் அங்கேயே கைப்பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, என்ன ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். “நாளைக்கு இல்ல அண்ணாச்சி, இன்னைக்கே போயிருங்க” என்றார். காப்பாளர் அந்தச் சீட்டை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரித்தார். “எனக்கு நெஞ்சடைப்பு வருமாம்லா! கல்லத் தின்னாலும் செரிக்கும் எனக்கு.”

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் எங்கள் பேருந்து வந்து ஹாரன் அடித்தும் கேட் திறக்கவில்லை. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினார். நாங்கள் எல்லாரும் ஓடினோம். இவர் மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை. நான் திரும்பி வந்தபோது, முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“போயிட்டாங்களா?” என்று கேட்டார்.

நான் தலையசைத்தேன்.

“எத்தன பிள்ளைய அவருக்கு?”

“ரெண்டு.”

அடக்கம் முடிந்த மறுவாரமே அவர் அந்த வீட்டுக்குப் போய் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தார். மூத்தவளுக்கும் அப்பாவின் அதே நோய் இருந்தது. அந்தப் பிள்ளை மாத்திரை போட்டுக்கொள்கிறாளா என்று மாதாமாதம் விசாரிப்பார். இது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அவர் பார்த்தார், அந்த ஆள் செத்தார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அதன் பிறகுதான் நான் ஒரு நாள் பேருந்தில் கேட்டேன்: “அப்படி என்னத்தத்தான் பாக்குதிய மிஸ்?”

சன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் திருத்தி முடித்த விடைத்தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்தார்.

“இது ஒரு செல்லுக்கா. உள்ள ஆயிரக்கணக்குல புரதம் உண்டாகிக்கிட்டே இருக்கு. உண்டான எடத்துலயே எதுவும் நிக்காது. ஒண்ணு ஓரத்துக்குப் போகணும், ஒண்ணு வெளிய போகணும், ஒண்ணு செரிக்கிற அறைக்குப் போகணும். எல்லாமே சின்னச் சின்னப் பைக்குள்ள அடைச்சுத்தான் போகும். பைக்கு மேல ஒரு உறை உண்டு. எங்க போகணும்னு அந்தந்தப் புரதத்துலயே குறிச்சிருக்கும். உறை அதப் பாத்துத்தான் சேத்துக்கும்.”

வட்டத்தின் ஓரத்தில் ஒரு குழியை வரைந்தார். குழியின் உட்புறத்தில் பந்துத் தையல்போல ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கட்டம் போட்டார்.

“செல்லோட தோல்ல இந்த மாரி குழி விழும். குழிக்கு அடியில இந்தக் கட்டம் கட்டமா இருக்கு பாருங்க, இதுதான் உறை. ரத்தத்துல ஓடுற கொழுப்பப் பிடிக்கதுக்குன்னு ஒரு புரதம் இருக்கு. ஏற்பின்னு சொல்லுவோம். தல வெளிய, வால் உள்ள. தல கொழுப்பப் பிடிக்கும். வாலை உறை பிடிக்கும். குழி அப்படியே உள்ள இழுத்துப் பையாகி அறுந்துரும். உள்ள போனதும் உறை கழண்டுரும். கொழுப்பு செரிக்கப் போயிரும், ஏற்பி திரும்ப மேல வந்துரும். பத்து நிமிசம். நாம செத்துப் போறவரைக்கும் இது நடந்துக்கிட்டே இருக்கும்.”

“நடக்கலைன்னா?”

“எங்க வீட்டுல நடக்காது” என்றார், சாதாரணமாக. “ஏற்பி உண்டாகும். மேலயும் வந்து நிக்கும். கொழுப்பையும் பிடிச்சிரும். ஆனா வால்ல ஒரே ஒரு எழுத்து தப்பு. உறைக்கு அது யாருன்னு தெரியாது. பிடிச்சது பிடிச்சபடி வாசல்லயே நிக்கும். உள்ள கூப்பிட யாரும் வரமாட்டாங்க. கொழுப்பு பூராம் ரத்தத்துலயே கெடக்கும். பொறந்த அன்னையிலருந்து.”

கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அகலமான தோல்வாருக்குக் கீழே, மணிக்கட்டில், வெண்ணெய்த் திரட்டுபோல ஒரு மஞ்சள் கட்டி இருந்தது. பிறகு விரல் முட்டிகளைக் காட்டினார். அங்கும் இருந்தது. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை.

“அப்பா முப்பத்தெட்டு வயசுல போனாங்க. அண்ணன் முப்பத்தி நாலு. ஆராய்ச்சிப் படிப்புல என் ரத்தத்தையே அனுப்பிப் பாத்துத்தான் இந்த ஒரு எழுத்தத் தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சிட்டுக் கல்யாணம் எதுக்குன்னு விட்டுட்டேன். இந்த மஞ்சள் எங்க இருந்தாலும் இப்ப என் கண்ணு தானாப் போயிருது. நான் என்ன செய்யட்டும்க்கா?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் என் கையை விடுவித்துக்கொள்ளாமல், அதன் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா, நீங்களும் ஒருக்கா ரத்தம் பாத்துக்கிட்டா என்ன?” என்றார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

நான்கைந்து வருடம் கழித்து என் மகள் ஜெசிக்கு நிச்சயதார்த்தம் வைத்தோம். மாப்பிள்ளை என் தம்பி மகன் ராபின். என் கணவர் இறந்த பிறகு என்னையும் ஜெசியையும் தாங்கியது என் தம்பிதான். அவன் வாய் திறந்து பெண் கேட்டபோது எனக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகளுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு விருப்பம். கல்லூரியிலிருந்து எல்லாரையும் அழைத்திருந்தேன். அவரும் வந்தார்.

ராபின் எல்லாருக்கும் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டு வந்தான். அவரிடம் நீட்டியபோது அவர் வாங்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தம்பியின் கண்ணிமையை. பிறகு மேடையில் உட்கார்ந்திருந்த ஜெசியை. சாப்பிடாமல் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. ஆலயத்தில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு சபைக்கு முன் வாசிப்பது எங்கள் வழக்கம். அன்று மாலை அவர் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜெசி ஜவுளிக்கடைக்குப் போயிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“உங்கம்மா எப்படித் தவறினாங்கக்கா?”

“அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தாவ. அப்படியே சாஞ்சிட்டாவ. நாப்பத்தாறு வயசு. அதுக்கென்ன?”

“கண்ணிமையில மஞ்சளா ஏதாவது இருந்துச்சா?”

இருந்தது. இரண்டு இமையிலும். அம்மாவின் அழகே அதுதான் என்று அப்பா சொல்வார். தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“உங்களுக்கு இருக்கு. தம்பிக்கு இருக்கு. ராபின் கையில இப்பவே தெரியுது. ஜெசிக்கும் இருக்கும்னு நெனைக்கேன். ஒருத்தருக்கு இருந்தா மாத்திரையில ஓட்டிரலாம்க்கா. நான் ஓட்டலையா? ஆனா ரெண்டு பேரும் சேந்து, அது ரெண்டு பக்கத்துலருந்தும் ஒரே பிள்ளைக்கு வந்துட்டுன்னா...” நிறுத்திக்கொண்டார். “கல்யாணத்த நிறுத்தச் சொல்லல. ரெண்டு பேருக்கும் ரத்தம் மட்டும் பாருங்க. தெரிஞ்சு கட்டிக்கட்டும். தெரிஞ்சு பெத்துக்கட்டும்.”

“ஒலகத்துல யாரும் அத்த மகன, மாமன் மகளக் கட்டலியா?”

“எல்லாரும் கட்டலாம். உங்க வீட்டுல பாத்துக் கட்டணும்.”

எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை, பயம்தான். அது வாயில் கோபமாக வெளிவந்தது. “உங்களுக்கு அமையலங்கதுக்காக என் மக வாழ்க்கையிலயும் வந்து மண்ணப் போடுதியளா?” என்று கேட்டேன். கேட்டேன்தான். இன்று எழுதும்போது கை கூசுகிறது.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். “வாரேங்க்கா” என்று எழுந்து, வாசலில் செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டு, போனார்.

அந்த வாரம் யாருக்கும் சொல்லாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலியில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். அங்கிருந்தவர் குழாயைச் சுழலவிட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே நின்ற நீர் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது.

“தெளிவாத்தான இருக்கு?” என்றேன், ஆசையாக.

“பாலு மாரிக் கலங்கியிருந்தா அது வேற கொழுப்பும்மா. இந்தக் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாது. மிசின்தான் காட்டும்.”

மிசின் காட்டியது. இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அந்தத் தாளை நாலாக மடித்து, ஆற்றுப் பாலத்தில் பேருந்து போகும்போது சன்னல் வழியே விட்டேன். அது தண்ணீரில் விழுந்ததா, பாலத்திலேயே கிடந்ததா என்று பார்க்கவில்லை. தம்பியிடம் என்னவென்று சொல்வேன்? குடும்பத்தில் நோய் என்று ஒரு சொல் வெளியே போனால் ஜெசியை வேறு யார் கட்டுவார்கள்? எல்லாருக்குமா வந்துவிடப்போகிறது? நான் ஐம்பதைத் தாண்டி நடமாடிக்கொண்டுதானே இருக்கிறேன்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று.

மூன்றாவது ஞாயிறு, ஆராதனை தொடங்கிய பிறகு நான் எதேச்சையாகத் திரும்பினேன். கடைசி வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆலயம் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். இங்கே வந்து நான் பார்த்ததே இல்லை. அதன்பிறகு பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு எதுவும் என் காதில் ஏறவில்லை. போதகர் ஓலையை எடுத்தார். இரண்டு பெயரையும் வாசித்தார். தடை அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கம்போல் கொஞ்சம் நிறுத்தினார். வழக்கமான நிறுத்தம்தான். எனக்கு அது முடியவே இல்லை. மின்விசிறிகள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பக்கத்தில் இருந்த ஜெசி என் கையைத் தொட்டு, “ஏம்மா, உனக்கு இப்படி வேர்த்து ஊத்துது?” என்றாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

முடிந்ததும் வேகமாக வெளியே வந்தேன். அவர் வேப்பமரத்தடியில் நின்றார். நான் முந்திக்கொண்டேன். “சபையில எந்திரிச்சுச் சொல்லத்தான வந்திய? ஏன் சொல்லல?”

“நான் சொல்ல வரலக்கா. நீங்க சொல்லுவியளோன்னுதான் வந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். நான் ரத்தம் கொடுத்தது அவருக்குத் தெரியாது. ஆனால் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அன்று அவர் என் கையைப் பார்க்கவே இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. அவர் வந்து, ஜெசியின் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போனார். அதன்பிறகும் பேருந்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கொய்யா கொண்டுவந்தார். அந்தப் பேச்சை ஒருநாளும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டு நான் தப்பித்திருப்பேன். அவர் படியேறும்போது நான்கு படிக்கு ஒருதரம் நின்றது, பிறகு இரண்டு படிக்கு ஒருதரம் ஆயிற்று.

ஜெசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கெசியா என்று பெயர் வைத்தோம். ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தேன். அவர் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“கை காலெல்லாம் நல்லாருக்காக்கா?”

“நல்லாருக்கு.”

“எப்பவாச்சும் கூட்டிட்டு வாங்களேன். எனக்குப் பாக்கணும்.”

சரி என்றேன். கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒருமுறை, அவர் எங்கள் தெருவுக்கு வருவதாகப் போன் செய்தபோது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் பார்த்தால் இருந்துவிடும், பார்க்காவிட்டால் இருக்காது என்று ஒரு மடத்தனம். படித்தவள்தான் நான்.

கெசியாவுக்கு மூன்று வயது நடக்கும்போது அவரை இதய அறுவைக்கு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அடக்கத்துக்குக் கல்லூரியிலிருந்து பத்துப் பேர்கூட வரவில்லை. வாயில்காப்பாளரின் மூத்த மகள் வந்திருந்தாள். வளர்ந்து, வேலைக்குப் போகிற பெண்ணாக இருந்தாள். பெட்டியின் பக்கத்தைவிட்டு நகராமல் நின்று அழுதாள். நான் அவளுக்குப் பின்னால், அவரை நேராகப் பார்க்காத இடத்தில் நின்றேன்.

அதற்கு ஒரு வருடம் கழித்து, குளிப்பாட்டிக் கூட்டிவந்த கெசியாவைத் துவட்டிக்கொண்டே ஜெசி சொன்னாள்:

“அம்மா, இவ முட்டியில பாரேன். பாலுண்ணி மாரி மஞ்சளா வருது. விரலிடுக்குலயும் இருக்கு. களிம்பு போட்டும் போகல.”

நான் போய்ப் பார்த்தேன். முழங்காலில் இரண்டு. முழங்கையில் ஒன்று. பிஞ்சு விரல்களை விரித்தபோது, இடுக்குத் தோலில் மஞ்சள் படர்ந்திருந்தது. குழந்தை கூச்சத்தில் சிரித்தது.

தோல் மருத்துவர் ரத்தம் பார்க்கச் சொன்னார். ரத்தத்தைப் பார்த்தவர்கள் திருநெல்வேலியில் இன்னொரு பெரிய மருத்துவரிடம் அனுப்பினார்கள். ராபின் வெளியூர் வேலையில் இருந்ததால் நாங்கள் மூவர்தான் போனோம். கெசியா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

“அப்பாட்ட இருந்து ஒண்ணு, அம்மாட்ட இருந்து ஒண்ணு, ரெண்டுமே இவளுக்கு வந்திருக்கு. பெரியவங்களுக்கு முப்பது நாப்பதுல வர்ற பிரச்சினை இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சின்ன வயசுலயே வந்திரும். சாதாரண மாத்திரை கொஞ்சந்தான் கேக்கும். புது மருந்துகள் இருக்கு, ரத்தத்தச் சுத்திகரிக்கிற முறை இருக்கு. பெரிய ஊருக்குத்தான் போகணும். இப்பவே ஆரம்பிக்கணும்.” சற்று நிறுத்தி, ஜெசியைப் பார்த்துக் கேட்டார்: “முன்னாடியே தெரிஞ்சிருந்தா பொறந்ததுமே பாத்திருக்கலாமேம்மா. உங்க குடும்பத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லலையா?”

“யாரும் சொல்லல டாக்டர்” என்றாள் ஜெசி. அழுதுகொண்டிருந்தாள். “சொல்லியிருந்தா பாக்காம இருந்திருப்போமா?”

அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சொன்னவர் மண்ணுக்குள் போய்விட்டார். வேறு சாட்சி கிடையாது.

“சொன்னாவ” என்றேன்.

ஜெசி திரும்பினாள். “யாரு? யார்ட்டம்மா சொன்னா?”

“விலங்கியல் மிஸ். என்கிட்ட. ஒங்க மூணாவது ஓலைக்கு முன்னால. நான் ரத்தமும் பாத்தேன். எனக்கு இருந்துச்சு.”

மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார். ஜெசி கத்தவில்லை. எழுந்து வந்து, கெசியாவை என் மடியிலிருந்து தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தூக்கிய வேகத்தில் குழந்தையின் ஒரு செருப்பு கழன்று என் நாற்காலிக்கு அடியில் விழுந்தது. நான் எடுக்கக் குனிந்தேன்.

“நீங்க விடுங்க. நான் எடுத்துக்கிடுதேன்” என்றாள்.

பிறந்ததிலிருந்து என் மகள் என்னை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.